சுவர் பொதுவான வீட்டில் சுண்டெலி: விஷமா, பொறியா, பூனையா?

துலாமழை என்கிற ஐப்பசி மழை ஓய்ந்து மூணாறு பக்கம் பனி இறங்க ஆரம்பித்ததும் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எலிப் பேச்சும் ஆரம்பித்துவிடும். செண்டுவரை, லெட்சுமி மாதிரி இடங்களில் ஜனவரி விடியலில் புல்தரை வெள்ளையாகிவிடும். சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். சுண்டெலி குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கிற ஜாதி இல்லை. இருபது கிராமை ஒட்டிய உடம்பு, சூடு தங்காது. அதனால் அடுப்படி, ஃப்ரிட்ஜின் பின்பக்கம், பரணில் கிடக்கும் பழைய கம்பளி என்று கதகதப்பான இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். வெளியே குளிரில் குட்டி போடுவது குறையும். வீட்டுக்குள் அந்தக் கணக்கே இல்லை. சினைக்காலம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டி ஆறு வாரத்தில் தானே குட்டி போடத் தயார்.

எலி ஒழிக்கும் வழிகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எத்தனை எலி செத்தது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். தனி வீட்டுக்கு அது போதும். லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர், மேலே ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான இடைவெளி. இங்கே நான் வைக்கிற விஷத்தைத் தின்ற எலி பக்கத்து வீட்டுப் பரணில் போய்ச் சாகும். அதனால் ஒவ்வொரு வழியிலும் அடுத்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

முதலில் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். அரிசி அளவில், முனை கூரான புழுக்கை என்றால் சுண்டெலி. அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருந்தால் கூரையில் ஓடுகிற பெரிய எலி. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடி, ஒரு மாதிரி நாற்றத்தை விட்டுப் போவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் புழுபூச்சியையும் தின்ன வருகிறது. அதற்குப் பொறி வைப்பது வீண் வேலை.

சரி, விஷம். எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் வாங்கி மூலையில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் விஷம் எல்லாம் ஒன்றில்லை. கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு எலியின் வயிற்றில் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகி, சில மணி நேரத்தில் கொல்லும். மனிதர் வயிற்றில் போனாலும் அதே வேலைதான், அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னும் மோசம்: தின்றவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், அப்புறம் ஈரல் செயலிழக்கும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. குழந்தைகள் தவழும் ஒற்றை அறை வீட்டில் இந்த இரண்டுக்கும் இடமே கிடையாது. இதில் நான் சமரசம் பேச மாட்டேன்.

மூன்றாவது, கேக் வடிவில் விற்கும் புரோமடியோலோன். கலவையில் 0.005 சதவீதம்தான் மருந்து. ரத்தம் உறையாமல் செய்து கொல்லும். எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். தவறி மனிதர் தின்றுவிட்டால் ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற வழியிருக்கிறது. விஷம் வைத்தே தீருவேன் என்றால் இது ஒன்றுதான், அதுவும் குழந்தையும் கோழியும் கை நுழைக்க முடியாத மூடிய பெட்டிக்குள். ஆனால் தின்ற பிறகு அந்த எலி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. சுவர் இடுக்கில் செத்தால், இந்தக் குளிரில் உடல் மெதுவாகத்தான் அழுகும். நாற்றமும் அதற்கேற்ப நீளும். நம் சுவர் என்றால் நமக்கு, அவர்கள் சுவர் என்றால் அவர்களுக்கு. செத்துக்கொண்டிருக்கும் எலியைப் பக்கத்து வீட்டுப் பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் விஷம் அங்கேயும் ஏறும்.

பொறியில் அந்தத் தொல்லை இல்லை. செத்த எலி பொறியிலேயே இருக்கும், கணக்கும் கண்ணெதிரே இருக்கும். ஆனால் எந்தப் பொறி என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கும் கம்பிக் கூண்டு பெரிய எலிக்கு அளவெடுத்தது. சுண்டெலி வடையைத் தின்றுவிட்டுக் கம்பி இடைவெளி வழியாக வெளியே நடந்துவிடும். சிறு கண் வலை போட்ட கூண்டு கிடைத்தால் சரி. ஆனால் பிடித்ததை என்ன செய்வது? தேயிலைக் காட்டோரம் விட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் அடுத்த வரிசை லயத்துக்குப் போகும். கொல்ல மனசில்லை என்பதற்காகக் கூண்டு வாங்குகிறவர்கள் இதையும் யோசித்துவிட வேண்டும்.

ஸ்பிரிங் வைத்து அடிக்கிற சின்னப் பொறிதான் என் தேர்வு. சட்டென்று கொல்கிறது, கழுவித் திரும்பவும் வைக்கலாம். ஒன்று வைத்துவிட்டுக் காத்திருந்தால் பலன் வராது. சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே சுற்றும். பத்துப் பதினைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். அதனால் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நாலைந்து வைக்க வேண்டும். அது சுவரை ஒட்டித்தான் ஓடும், எனவே தீனி வைக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி குறுக்காக வைக்க வேண்டும். நடு அறையில் வைத்த பொறியில் நம் கால் விரல்தான் மாட்டும். தீனி பட்டாணி அளவு போதும்: சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் துணுக்கு, அரைத்த வறுத்த கடலை. முழு மசால் வடை வைக்கும் வழக்கம் எலிக்கு விருந்து வைப்பதில்தான் முடியும், விளிம்பைக் கொறித்துவிட்டுப் போய்விடும். இன்னொன்று, பெரிய எலி புதுப்பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். சுண்டெலி அதே நாள் வந்து மோந்து பார்க்கும். ஆகவே சரியான இடத்தில் வைத்த பொறி இரண்டு மூன்று ராத்திரி சும்மா கிடந்தால் இடத்தை மாற்றுங்கள்.

பசை அட்டை விலை மலிவு, பிடிக்கவும் செய்யும். ஆனால் எலி மணிக்கணக்கில் உயிரோடு துடித்துக் கிடக்கும், பயத்தில் அதிலேயே மூத்திரமும் போகும். இந்திய விலங்கு நல வாரியமே இது வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பல்லியும் ஓணானும் சேர்ந்து மாட்டும் என்பது உபரி.

பூனைக்கு வருவோம். பூனை இருக்கும் வீட்டில் சுண்டெலி தயங்கித்தான் நடமாடும், அதில் சந்தேகமில்லை. ஏற்கெனவே சுவருக்குள் குடியேறிய குடும்பத்தைப் பூனையால் காலி செய்ய முடியாது. கை நுழையாத இடத்தில் அதன் நகமும் நுழையாது. எங்கள் பக்கம் இன்னொரு கஷ்டமும் உண்டு, ராத்திரி வெளியே போன பூனை புலி வாயில் போய்விடலாம். சிறுத்தையைத்தான் இங்கே புலி என்போம். பூனை வளர்க்கும் வரிசையில் யாருமே விஷம் வைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் முதலில் போவது பூனைதான்.

ஒலி எழுப்பும் பிளக் மிஷின் காசுக்குக் கேடு. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, மூட்டை முடிச்சுக்குப் பின்னாலும் போகாது, எலிக்குச் சீக்கிரம் பழகியும் விடும். பாச்சை உருண்டையின் நெடி எலியைவிட அதே அறையில் தூங்குகிற குழந்தைக்குத்தான் கெடுதல். யூகலிப்டஸ் தைலத் துணி ஒரு நாள் மணக்கும், அவ்வளவுதான்.

எலி உள்ளே வரும் வழியை அடைக்காவிட்டால் எந்தப் பொறியும் பாதிதான். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். ஆறேழு மில்லிமீட்டர் கணக்கு. தண்ணீர்க் குழாய், வயர், கேஸ் டியூப் சுவரைத் துளைக்கும் இடங்களைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் பல் ஏறாது. துணியும் தெர்மாகோலும் அதற்குக் கூடு கட்டக் கொடுத்த சாமான். கதவின் அடியில் தகரப் பட்டை அடிக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிய விறகைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ரேஷன் அரிசி, பருப்பு எல்லாம் மூடி இறுகும் தகர டின்னுக்குப் போகட்டும்; பிளாஸ்டிக் பையை அது ஒரு ராத்திரியில் கடித்துவிடும்.

புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசியோடு மூக்குக்குள் போகும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். எலி மூத்திரத்தால் வருவது எலிக்காய்ச்சல், கேரளா ஆஸ்பத்திரிகளில் எலிப்பனி என்று கேட்டிருப்பீர்கள். எலி உடம்பில் தொற்றி வாழும் நுண்ணிய பூச்சியால் வரும் செள்ளுப்பனி மலைப்பக்கத்தில் குளிர் மாதங்களிலும் வரும். எலி உலவும் வீட்டில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

அடைப்பு வேலையை ஒரு வீடு மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்கு நகரும், அங்கே தீனி குறைந்ததும் புது ஓட்டை போட்டுத் திரும்பும். அதனால் வரிசை முழுக்க ஒரே ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் குழைப்பதுதான் வழி, முடிந்தால் நவம்பர் கடைசியிலேயே. கூரை விளிம்பின் இடைவெளி மட்டும் நம் கைக்கு அடங்காது. அது எஸ்டேட் செய்து தர வேண்டிய மராமத்து. தனித்தனியாகப் போய்ச் சொல்வதைவிட வரிசையில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவாகக் கொடுங்கள், கண் கால் இஞ்சுக்கு மேல் போகாத கம்பி வலை என்று அளவையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.