கொச்சி பியனாலேவுக்குப் போனால் எங்கே தங்குவது: ஓட்டலா, ஹோம்ஸ்டேயா, முழு வீடா?

கொச்சி முசிறிஸ் பியனாலே என்ற கலைவிழாவைப் பார்க்க இதுவரை மூன்று முறை தங்கியிருக்கிறேன். மூன்று முறையும் மூன்று விதமாக. 2017 பிப்ரவரியில் நானும் மனைவியும் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் இரண்டு இரவுகள் இருந்தோம். 2019 ஜனவரியில் குடும்பத்தோடு எர்ணாகுளத்தில் ஓர் ஓட்டலில் இரண்டு அறைகள் எடுத்து நான்கு இரவுகள் தங்கினோம். 2023 பிப்ரவரியில், எழுபத்திரண்டு வயதான அம்மாவையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு சென்றபோது, ஃபோர்ட் கொச்சியின் பர்கர் தெருவுக்கு அருகே ஒரு பழைய வீட்டின் தரைத்தளம் முழுவதையும் ஆறு இரவுகளுக்கு வாடகைக்குப் பிடித்தோம். அன்று முதல், கோவையில் யார் கேட்டாலும் வீட்டையே எடுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். அந்தப் பரிந்துரை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எளிதில் தெரிந்துகொள்ளக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஏசி, வைஃபை, வெந்நீர் மூன்று இடங்களிலும் இருந்தன. காலை உணவு ஓட்டலிலும் ஹோம்ஸ்டேயிலும் வாடகையோடு சேர்த்தி. ஓட்டலில் அறை ஒன்றுக்கு 2,600 ரூபாய் வீதம் இரவுக்கு 5,200 கொடுத்தோம். வீட்டுக்கு இரவுக்கு 5,500 ரூபாயும், துப்புரவுக் கட்டணமாக ஒரே தடவை 1,000 ரூபாயும் ஆயின. ஹோம்ஸ்டே அறைக்கு அன்று 1,700 ரூபாய். ஆக, ஐந்து பேருக்கு ஓட்டலும் வீடும் ஏறக்குறைய ஒரே விலை. இருவர் மட்டும் என்றால் ஹோம்ஸ்டேதான் மலிவு. பணத்தைக் கொண்டு தீர்மானிக்க இதற்கு மேல் எதுவும் இல்லை.

தீர்மானிக்க வேண்டியது நடுப்பகலைக் கொண்டு. இதை விளக்கப் பியனாலேவின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று தொடங்கிய இந்தக் கலைவிழா (பெயரில் உள்ள முசிறிஸ், நம் சங்கப் பாடல்களில் மிளகு ஏற்றிய அதே முசிறிதான்) ஒரே கூரையின் கீழ் நடப்பதன்று. ஃபோர்ட் கொச்சியின் கடலோரத்தில் இருக்கும் ஆஸ்பின்வால் மாளிகை, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெப்பர் ஹவுஸ், டேவிட் ஹால், மட்டாஞ்சேரிப் பக்கம் ஆனந்த் வேர்ஹவுஸ் என்று பழைய மிளகுக் கிடங்குகளிலும் வணிகர் மாளிகைகளிலும் பரந்து கிடக்கிறது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலையில் மூடுவார்கள். பிப்ரவரியிலேயே நிழலில் 32, 33 டிகிரி வெயில். கடற்காற்றின் பிசுபிசுப்பு வேறு. இருட்டறைகளில் ஓடும் காணொளிகளை நின்றும் தரையில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். பகல் ஒரு மணிக்குக் கால் கடுக்கிறது. அதைவிட முக்கியமாக, கண் மறுக்கிறது. அதற்குமேல் பார்ப்பதெல்லாம் சுவரொட்டி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இதை நான் உணர்ந்தது 2017இல். சிலிக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஆஸ்பின்வாலின் ஒரு பெரிய கிடங்கு அறையைக் கடல்நீரால் நிரப்பி வைத்திருந்தார். மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கு அர்ப்பணித்த படைப்பு அது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நீரை அளைந்தபடி அறையின் மறுகோடிச் சுவரில் இருக்கும் வரிகள் வரை நடந்துபோக வேண்டும். வெளியே வந்தபோது இன்னோர் அறைக்குள் நுழைய இருவருக்கும் மனமில்லை. ஈரக் காலில் மணல் ஒட்ட, ஹோம்ஸ்டே வரை பேசாமல் நடந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கால் கழுவி, கட்டிலில் இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டு, நான்கு மணிக்கு மறுபடி போனோம். அந்த மாலையில் பார்த்தவை இன்றும் நினைவில் இருக்கின்றன.

நீருக்கு அக்கரையில் இருக்கும் எர்ணாகுளத்தில் தங்கியபோது இது வாய்க்கவில்லை. படகு மோசமில்லை: மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு சில ரூபாய்க் கட்டணத்தில் இருபது நிமிடங்களில் கொண்டுவந்து சேர்க்கும், இறங்கும் துறையிலிருந்து ஆஸ்பின்வால் அருகிலேயே இருக்கிறது. ஆனால் கணக்கைப் படகில் ஏறியதிலிருந்து தொடங்கக் கூடாது. அறையிலிருந்து துறைக்கு ஆட்டோ, சீட்டுக்கு வரிசை, படகுக்காகக் காத்திருப்பு எல்லாம் சேர்த்துப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தோப்பும்படி வழியாகச் சாலையில் போனாலும் பாலங்களில் நெரிசல் இருந்தால் இதே கதிதான். நடுவில் ஒருமுறை அறைக்குப் போய்வர இரண்டு மணி நேரத்தைத் தண்ணீரில் விட வேண்டும் என்பதால் நாங்கள் போகவேயில்லை. காலையில் கிளம்பினால் இரவுதான் அறை. மகள்கள் மூன்றாம் நாள் மதியம் ஒரு கஃபேயின் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார்கள். நான்கு நாட்களில் பார்த்தது, 2017இல் இரண்டு நாட்களில் பார்த்ததைவிட அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால், நடுப்பகல் அந்த நாளின் நடுவிலேயே கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே மரப்பலகைத் தளம், ஒரு முழத்துக்கும் மேல் தடித்த செம்புறாங்கல் சுவர். வெளியே காய்ந்தாலும் கூடத்துச் சிவப்புத் தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. காலையில் சீன வலைகளின் பக்கம் நடந்துபோய் மத்தியோ அயிலையோ வாங்கி வந்துவிடுவேன். குக்கரில் சோறும் மண்சட்டியில் குழம்பும் வைக்க முக்கால் மணி நேரம் போதும். பதினொன்றரைக்குப் பார்த்தது போதும் என்று தோன்றினால் பதினொன்றரைக்கே திரும்பினோம். சாப்பிட்டதும் பெரியவள் தான் பார்த்ததைக் கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு நோட்டில் வரைவாள். அம்மா முதல் நாள் மட்டும் எங்களோடு இரண்டு வேளையும் வந்தார். மறுநாளிலிருந்து, "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நா இங்கயே படுத்துக்கறேன்" என்று மதியத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்துகொண்டார். ஓட்டலில் என்றால் அவருக்காக ஒருவர் நாள் முழுதும் அறையில் அடைந்து கிடக்க வேண்டியிருந்திருக்கும், அல்லது அவரை இழுத்துக்கொண்டு அலைந்திருப்போம்.

ஹோம்ஸ்டேயும் ஃபோர்ட் கொச்சியில்தானே இருக்கிறது, அங்கும் மதியம் திரும்பலாமே என்று கேட்பது நியாயம். இருவருக்கு அது முற்றிலும் போதும். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்றளிப்பதால், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டியதும் இல்லை. வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருப்பார்கள்; எங்களுக்கு வாய்த்த ஆங்கிலோ இந்தியத் தம்பதி, எந்தக் கடையில் பிரியாணி எத்தனை மணிக்குத் தீரும் என்பதுவரை சொல்லி அனுப்பினார்கள். ஆனால் நமக்கென்று இருப்பது ஒரு படுக்கையறைதான். நடுப்பகலில் கூடம் அவர்களுடையது, அடுப்பு அவர்களுடையது, அவர்கள் தூங்கும் நேரத்தில் நம் குழந்தைகளின் சத்தம் நமக்கே கூச்சம். ஐந்து பேர் இரண்டு அறைகளில் பிரிந்து கிடந்தால் அது ஓட்டலிலிருந்து அதிகம் வேறுபடாது. நான் அங்கே இருந்தது இரண்டே இரவுகள், அதுவும் குழந்தைகள் இல்லாமல். ஆகையால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள்.

வீட்டில் குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் நாள் காலை குழாயில் நீர் நின்றுவிட்டது. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓட்டலில் இது ஒரு தொலைபேசி அழைப்பு. எதிர்ப்புறத்துக் கஃபேயில் இரண்டு இரவுகள் கிட்டாரும் பாட்டும் பதினொரு மணியைத் தாண்டின. கலைஞர்கள் நடமாடும் தெருவில் குடியிருக்க ஆசைப்பட்டால் அவர்கள் பாடவும் செய்வார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன், அம்மா சமாதானமாகவில்லை. கொசுவைப் பற்றிக் கொச்சிக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடுகளில் சன்னல் வலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி துவைப்பது இன்னொரு தலைவலி. வாஷிங் மெஷின் இருந்தது, ஆனால் அந்த ஈரக்காற்றில் பின்கட்டில் போட்ட துணி மறுநாளும் காயவில்லை. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியின் மைதானத்துக்கு அருகில் உள்ள தோபிகானா என்ற சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். டச்சுக்காரர் காலத்தில் படைக்குத் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். கிளிப்பே கிடையாது, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்று எப்படி அடித்தாலும் விழுவதில்லை. கஞ்சி போட்டுக் கரிப்பெட்டியில் தேய்த்துக் கொடுத்த அம்மாவின் பருத்திச் சேலை, கோவை வந்த பிறகும் விறைப்பாக நின்றது.

எர்ணாகுளத்து ஓட்டல்தான் சரி என்று நானே சொல்லும் வேளைகளும் உண்டு. ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவு ரயிலைப் பிடிப்பவர்களுக்கு வீடு வீண். டிசம்பர் கடைசி வாரத்தில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல் என்ற புத்தாண்டுத் திருவிழா நடக்கும். 31ஆம் தேதி நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய கிழவன் பொம்மையை எரிக்கும்போது அந்தச் சிறிய நிலத்துண்டு தாங்காத கூட்டம் கூடுகிறது, வாகனங்களையும் கட்டுப்படுத்துகிறார்கள். முதியவர்களோடு அந்த வாரம் அங்கே தங்க நான் துணிய மாட்டேன். 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சிக்கும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. எர்ணாகுளத்து உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஏசி படகில் இருபது நிமிடப் பயணம். அதில் ஒரே ஒரு முறை, வார நாள் ஒன்றில் போய்வந்தேன். பழைய படகைவிடப் பல மடங்கு சுகம். ஆனால் துறைக்குப் போவதும் வரிசையில் நிற்பதும் மாறவில்லை. மதியம் திரும்பிப்போய்ப் படுத்து எழுந்து வர அது உதவுமா என்றால், என் ஒரு நாள் அனுபவத்தில் இல்லை என்றே சொல்வேன்.

அடுத்த முறையும் வீடுதான் எடுப்போம். முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பேன்: மோட்டார் சுவிட்ச் எங்கே, சாவி வைத்திருப்பவர் நடக்கும் தூரத்தில் இருக்கிறாரா, எதிரே கஃபே இருக்கிறதா. மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், அம்மாவிடம் சொல்லாமல் எடுத்துவிடுவேன்.