தோல்வியையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது: ரெஸ்ட்டிலிருந்து கிராஃப்க்யூஎல்லுக்கு மாறிய அனுபவம்

இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "நான் இன்னும் ரெஸ்ட்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மாறி ஓராண்டுக்கு மேல் ஆகிறதே, மாறலாமா?" ஷாப்பிஃபை என்ற இணையக் கடைத் தளத்தோடு நம் நிரல் பேசும் இரண்டு முறைகள்தான் ரெஸ்ட்டும் கிராஃப்க்யூஎல்லும். உடனே "மாறுங்கள்" என்று எழுதினேன், அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். அவர் கேட்ட அன்று காலையில்தான் எங்கள் நிரலில் ஒரு பழைய ஓட்டையை மீண்டும் கண்டுபிடித்து அடைத்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

ஷாப்பிஃபையில் கடை நடத்துகிறவர்களுக்கும் அவர்களுக்கு நிரல் எழுதித் தருகிறவர்களுக்கும் பின்னணி தெரிந்திருக்கும். கடையின் நிர்வாக வேலைகளை நிரல் வழியாகச் செய்ய உதவும் இடைமுகமான பழைய ரெஸ்ட் அட்மின் ஏபிஐ, 2024 அக்டோபர் 1 முதல் மரபு ஏபிஐ, அதாவது பழைய தலைமுறையைச் சேர்ந்தது, என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், பொதுப் பயன்பாட்டுக்கு வெளியாகும் புதிய செயலிகள் கிராஃப்க்யூஎல் அட்மின் ஏபிஐயை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு கடைக்காக எழுதப்பட்ட எங்கள் நிரலுக்கு அந்த விதியின் நெருக்கடி இல்லை. நாங்கள் மாறியதற்குக் காரணம் பனியன்.

திருப்பூர்ப் பின்னலாடைகளை விற்கும் சிறிய கடை எங்களுடையது. பனியன் அளவுகள் 75 முதல் 110 வரை எட்டு. நிறங்கள் ஏழு. கை வைத்தது, கையில்லாதது என்று இரண்டு வகை. பெருக்கிப் பார்த்தால் 112 வேரியன்ட், அதாவது ஒரே பொருளின் 112 வடிவங்கள். ரெஸ்ட் வழியாக ஒரு பொருளுக்கு 100 வேரியன்ட்டுக்கு மேல் வைக்க முடியாது. அந்தப் பன்னிரண்டு அதிகமாகிவிட்ட காரணத்தால், கையுள்ள பனியனைத் தனிப் பொருளாகவும் கையில்லாத பனியனைத் தனிப் பொருளாகவும் பிரித்து வைத்திருந்தோம். இரண்டு பக்கங்கள், இரண்டு விளக்கங்கள், விலை மாறினால் இரண்டு இடத்தில் திருத்தம். "கை வைத்தது எங்கே போயிற்று?" என்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்பது வழக்கமாகியிருந்தது. புதிய ஏபிஐயில் ஒரு பொருளுக்கு 2048 வேரியன்ட் வரை வைக்கலாம். தெரிவுகள் மூன்றுதான் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. எங்களுக்கு அளவு, நிறம், கை என்ற மூன்றே போதும். பிரிந்து கிடந்த பனியனை ஒரே பக்கத்தில் சேர்த்த அன்று எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

ஆனால் நான் எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி வேறொன்று. எங்களுக்குக் கிடங்கிலேயே ஒரு நேரடி விற்பனை மேசையும் உண்டு. அங்கே பில் போட்டதும் பில்லிங் மென்பொருள் கையிருப்பைக் குறைத்து, எங்கள் நிரல் வழியாக இணையக் கடைக்குச் சொல்லும். ரெஸ்ட்டில் இதை "இந்த வேரியன்ட்டின் கையிருப்பு 9" என்று நேரடியாக எழுதிவிடுவோம். அந்த நொடியில் இணையத்தில் யாராவது மூன்று பனியன் வாங்கியிருந்தால், அந்த மூன்றையும் நம் 9 அழித்துவிடும். இரண்டு பேர் ஒரே கணக்கேட்டில் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுவது போன்ற நிலை அது. புதிய ஏபிஐயில் கையிருப்பை மாற்றும் கட்டளையோடு, "இப்போது அங்கே 12 இருக்கிறது என்று நினைக்கிறேன், அப்படி இருந்தால் மட்டும் 9 ஆக்கு" என்று சொல்ல முடியும். இடையில் எண் மாறியிருந்தால் கட்டளை மறுக்கப்படும். நாம் புதிய எண்ணைப் படித்துக்கொண்டு மீண்டும் முயலலாம். தரவுத்தளங்களில் காலங்காலமாக இருக்கும் முறைதான் இது என்றாலும், ஒரு சிறு கடையின் கையிருப்புக் கணக்குக்கு இவ்வளவு ஒழுங்கான பாதுகாப்புக் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெஸ்ட்டில் சாதாரணக் கடை அடுத்தடுத்து 40 அழைப்புகள் வரை அனுப்பலாம்; இந்த வரம்பை வாளி என்பார்கள். எடுத்தது நொடிக்கு இரண்டு அழைப்பு வீதம் திரும்ப நிரம்பும். ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் ஓர் அழைப்பு என்பதால், எங்கள் மூவாயிரம் வேரியன்ட்டுகளின் கையிருப்பையும் முழுதாகச் சரிபார்த்து எழுத ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். இப்போது ஒரே கட்டளையில் 250 வரை அனுப்பலாம். மூவாயிரத்துக்குப் பன்னிரண்டு கட்டளைகள் போதும். கட்டளைக்கு எத்தனை புள்ளி செலவாயிற்று (பணமல்ல, வரம்புக் கணக்கு), வாளியில் எவ்வளவு மிச்சம், நொடிக்கு எவ்வளவு திரும்ப நிரம்பும் என்பதெல்லாம் ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் எண்களாகவே வந்துவிடுகின்றன. கேட்டபோது கணித்த செலவு ஒன்று, உண்மையில் ஆன செலவு ஒன்று. மிச்சம் நம் கணக்கிலேயே திரும்பச் சேர்ந்துவிடும். இதைப் படித்து நிரலைத் தானாகவே நிதானப்படுத்த முடிகிறது. மொத்தப் பட்டியலையும் ஒருசேரக் கேட்டுவிட்டு, தயாரானதும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியும் நன்றாகவே வேலை செய்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஓராண்டுக்கும் மேலாக என்னை விடாமல் உறுத்துவது எது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரெஸ்ட்டில் ஒரு வேலை நடக்கவில்லை என்றால், பதிலோடு வரும் மூன்றிலக்க எச்டிடிபி நிலை எண்ணே அதைச் சொல்லிவிடும். தரவு சரியில்லை என்றால் 422. அவசரப்பட்டால் 429, அதோடு எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்ற குறிப்பும் வரும். தேடியது இல்லை என்றால் 404. இருபது ஆண்டுகளாக நிரல் எழுதுகிறவர்களின் கை இதற்குப் பழகிவிட்டது: 200 என்றால் நடந்துவிட்டது, வேறென்றால் நடக்கவில்லை. கிராஃப்க்யூஎல்லில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 200 வருகிறது. வாளி காலியாகி நம்மைத் தடுத்து நிறுத்தினாலும் 200. தடுத்ததற்கான செய்தி உள்ளே "எரர்ஸ்" என்ற பகுதியில் இருக்கும். கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, ஆனால் கடையின் விதிகளின்படி மறுக்கப்பட்டால் அதற்கும் 200 தான்; அந்தச் செய்தி "எரர்ஸ்" பகுதியில்கூட இருக்காது, கட்டளையின் பதிலுக்குள் "யூசர்எரர்ஸ்" என்ற இன்னொரு பகுதியில் இருக்கும். ஆக, தோல்வியை மூன்று இடங்களில் தேட வேண்டும். இதுவரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். கிராஃப்க்யூஎல்லின் அடிப்படை விதி, நாம் பெயர் சொல்லிக் கேட்ட பகுதிகளை மட்டுமே அது திருப்பித் தரும் என்பது. யூசர்எரர்ஸும் அப்படி ஒரு பகுதிதான். அதை நம் கட்டளையில் எழுதிக் கேட்கவில்லை என்றால், மறுக்கப்பட்ட செய்தி நமக்கு வரவே வராது. வேலை நடக்கவில்லை என்பதைக்கூட நாம் கேட்டால்தான் சொல்லும்.

நாங்கள் கேட்கவில்லை. முதல் பதிப்பை எழுதியது நான். ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. மாதிரிக் கட்டளைகளிலும் யூசர்எரர்ஸ் இருக்கிறது. பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்த இரண்டு வரிகளை நான்தான் நீக்கினேன். அதன் விளைவு பண்டிகைக் கால விற்பனையில் தெரிந்தது. மேசையில் ஒருவர் மொத்தமாக வாங்கிய அதே நிமிடத்தில் இணையத்திலும் ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. எங்கள் நிரல் நினைத்த எண்ணும் அங்கே இருந்த எண்ணும் பொருந்தவில்லை. நான் மேலே பாராட்டிய அதே பாதுகாப்பு, தன் கடமையைச் சரியாகச் செய்து கட்டளையை மறுத்துவிட்டது. எங்கள் நிரல் 200 என்பதை மட்டும் பார்த்து, பதிவேட்டில் "வெற்றி" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கிடங்கில் மூன்று இருந்தபோது இணையத்தில் ஒன்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பண்டிகைக்கு முந்தைய நாள் "பனியன் இல்லை" என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு வருத்தமான வேலை என்பது, சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பதிவேடு முழுவதும் வெற்றி, வெற்றி, வெற்றி. பில்லிங் மென்பொருளைச் சந்தேகித்தேன், மேசையில் பில் போடுகிறவரைச் சந்தேகித்தேன், அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றையும் கேட்டேன். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தவறு முழுக்க என்னுடையது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், ஒரு கருவியைப் பயன்படுத்துகிறவர் எளிதில் செய்யக்கூடிய தவறு எது, அது நடந்தால் அந்தக் கருவி குரல் எழுப்புமா, பேசாமல் இருந்துவிடுமா என்பதை வைத்தும் கருவியை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுபக்க நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. கிராஃப்க்யூஎல் 2012இல் ஃபேஸ்புக்கின் கைபேசிச் செயலிக்காக உருவாகி 2015இல் பொதுவில் வெளியிடப்பட்ட முறை. ஒரே கோரிக்கையில் பல பொருள்களைக் கேட்கலாம். அவற்றில் சில கிடைத்துச் சில கிடைக்காமல் போகலாம். பாதி கிடைத்த பதிலுக்கு எந்த நிலை எண்ணைக் கொடுப்பது? அதனால் நிலை எண்ணைப் போக்குவரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பதிலுக்குள் வைக்கும் வழக்கம் வந்தது. வலைப்பின்னல் கோளாறும் "இந்த விலை செல்லாது" என்ற மறுப்பும் வேறு வேறு வகைத் தோல்விகள், அவற்றை ஒன்றாகக் குழப்பக்கூடாது என்ற வாதமும் சரியானதே. படிக்கும் வேலைக்கு இந்த ஏற்பாடு அழகாகப் பொருந்துகிறது. எழுதும் வேலைக்கு, அதுவும் பணமும் சரக்கும் கைமாறும் இடத்தில், மறுப்பைக் கேட்டு வாங்கும் பொருளாக வைத்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மற்ற தொல்லைகள் ஒருமுறை கடந்துவிட்டால் முடிந்துவிடுபவை. முன்பு வெறும் எண்ணாக இருந்த அடையாளம் இப்போது ஷாப்பிஃபை என்ற பெயரும் தரவின் வகையும் சேர்ந்த நீண்ட முகவரி வடிவத்தில் வருகிறது. பில்லிங் மென்பொருளோ எண்ணை மட்டுமே ஏற்கும். பழைய எண்ணைத் தரும் பகுதி ஒன்றும் இருப்பதால் பிழைத்தோம். ஆர்டர் வந்ததும் நமக்கு வரும் வெப்ஹுக் செய்திகள் இன்னமும் பழைய ரெஸ்ட் வடிவிலேயே வருகின்றன. புதிய அடையாளமும் அதில் கூடவே இருக்கிறது. பொருளையும் வேரியன்ட்டுகளையும் ஒரே கட்டளையில் எழுதும் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாம் அனுப்பும் பட்டியலில் விடுபட்ட வேரியன்ட், கடையிலிருந்து நீக்கப்படும். மாற்ற நினைக்கும் ஒன்றை மட்டும் அனுப்பினால் மற்றவை போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 12 மாத ஆதரவு என்ற ஏற்பாடு ரெஸ்ட்டிலும் இருந்ததுதான். நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும்.

சென்ற வாரம் நான் கண்ட ஓட்டைக்கு வருகிறேன். அந்தப் பண்டிகைக்குப் பிறகு எல்லாக் கட்டளைகளும் ஒரே செயற்கூறு (ஃபங்ஷன்) வழியாகத்தான் போக வேண்டும் என்று மாற்றி எழுதினேன். அது நிலை எண்ணைப் பார்க்கும், எரர்ஸைப் பார்க்கும், அனுப்புவதற்கு முன்பே கட்டளையில் யூசர்எரர்ஸ் கேட்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் அனுப்பவே மறுக்கும், வந்த பதிலில் யூசர்எரர்ஸ் காலியாக இல்லாவிட்டால் நிரலை அங்கேயே நிறுத்தும். ஆனால் விலைகளை மாற்றும் சிறு நிரல் ஒன்று அதற்கு முன்பே எழுதப்பட்டது. அதை இந்த வழிக்குக் கொண்டுவர மறந்திருந்தேன். தள்ளுபடி விலை ஒன்று ஏற்கப்படாமல், ஐந்து வாரமாகப் பழைய விலையிலேயே இருந்திருக்கிறது. பதிவேட்டில் வழக்கம் போல வெற்றி.

நண்பருக்கு என் பதில் இதுதான். உங்கள் கடையில் எந்தப் பொருளுக்கும் நூறு வேரியன்ட் இல்லை. மேசை விற்பனை இல்லை, ஆகவே இரண்டு பேர் ஒரே எண்ணை எழுதும் சிக்கலும் இல்லை. நான் மேலே பாராட்டியவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. புதிய வசதிகள் இனி கிராஃப்க்யூஎல்லில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் நீங்களும் மாறித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் இன்று என்னைக் கேட்டால், மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன். பண்டிகை விற்பனை முடியட்டும், தை பிறக்கட்டும்; அப்போது கேளுங்கள், ஒருவேளை வேறு பதில் சொல்வேன். அதற்குள் மாறியே தீர்வேன் என்றால், அந்தச் செயற்கூறை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் கட்டளையை எழுதுவதற்கு முன்பே அதை நிரலில் சேர்த்துவிடுங்கள்.