திக்ஷா பாடமா, குறுவள மையக் கூட்டமா?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தரும் முறையை மேம்படுத்திக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், ஒன்றிய அரசின் திக்ஷா என்ற இணையக் கற்றல் தளத்துக்கு மாறிய, நிஷ்தா எனும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் இணையவழிப் பாடங்கள். இரண்டாவது, 2022 ஜூனில் தொடங்கப்பட்ட அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒட்டி நடைபெறும் நேரடிப் பயிற்சிகளும், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பேசும் குறுவள மையக் கூட்டங்களும்.

இணையவழிப் பாடத்தின் வலிமை அதன் வீச்சு. மலைக் கிராமத்தின் ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றுபவர் வகுப்பை மூடிவிட்டுப் புறப்பட வேண்டியதில்லை. பாடப் பொருளும் கருத்தாளருக்குக் கருத்தாளர் மாறுவதில்லை. மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து வட்டாரத்துக்கும் இறங்கிவரும் நேரடிப் பயிற்சி, கடைசிப் படியை எட்டும்போது பெரும்பாலும் நீர்த்துப்போவது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால் திக்ஷாவில் காணொளியை ஓடவிட்டு வேறு வேலை பார்த்தாலும் முடித்த கணக்கு ஏறிவிடும் என்பதால், கற்றலைக் காட்டிலும் சான்றிதழைப் பதிவிறக்குவதே நோக்கமாகிவிடுகிறது.

வாசிப்பைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் ஆழமானது. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று ‘கொடி’ என்பதைக் ‘கெ’ என்று தொடங்கி, பின்னால் நிற்கும் துணைக்காலைக் கண்டு தயங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குழந்தைக்கு எழுத்துகள் தெரியும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒரே ஒலியைக் குறிக்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை. அதற்கு மீண்டும் நெடுங்கணக்கு எழுதப் பணிப்பதால் பயனில்லை. கெ, கொ, கே, கோ ஆகியவற்றை அருகருகே வைத்துப் பழக்க வேண்டும். இத்தகைய நுட்பமான கணிப்பைப் பல்லாயிரம் பேருக்காகப் பதிவுசெய்த காணொளி தர இயலாது. குறுவள மையத்தில் நான்கு பள்ளிகளின் ஆசிரியர்கள் தம் மாணவர்களின் ஏடுகளை மேசையில் விரித்துப் பேசினால், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதல் கற்றல் நிலையான அரும்பில் இருக்கும் குழந்தை ஏன் அடுத்த நிலையான மொட்டுக்கு நகரவில்லை என்பதற்கான விடை, அருகிலிருப்பவரின் அனுபவத்திலிருந்தே கிடைக்க வாய்ப்புண்டு.

அந்தக் கூட்டம் சுற்றறிக்கை வாசிப்பிலும் செயலிப் பதிவேற்ற நினைவூட்டலிலும் கழிந்துவிட்டால், திக்ஷாவே மேல். (தேநீர் இடைவேளையில் நடக்கும் உரையாடலே அன்றைய பயிற்சியாக அமைந்துவிடும் கூட்டங்களும் உண்டு.) கூட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பறைக்கு வரும்போது, பதிவேடுகளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இரண்டு குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டால், பேசியது நடைமுறைக்கு வந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எனவே கோட்பாட்டையும் புதிய பாடநூல் அறிமுகத்தையும் திக்ஷாவிடம் விட்டுவிட்டு, குறுவள மையத்தின் நேரம் முழுவதையும் மாணவர் ஏடுகளுக்கு ஒதுக்குவதே என் தேர்வு. தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை அளவுகோலாகக் கொண்டால், அதில் 15 மணி நேரத்துக்கு மேல் திரை முன் கழிக்கத் தேவையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.