சூலூர்பேட்டை: சென்னை மின்சார ரயிலின் வடகோடி

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் புறப்பட்டு, சுமார் 83 கிலோமீட்டர் தள்ளி ஆந்திராவுக்குள் போய் நிற்கும் சூலூர்பேட்டை மின்சார ரயிலைப் புறநகர் ரயில் என்று சொல்வதே சற்று வேடிக்கைதான். இருப்பினும், அந்நிலையம் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது என்பதால், சென்னைப் பயணிக்கு உரிய எதிர்பார்ப்புகளோடுதான் அதை மதிப்பிட வேண்டும்.

வண்டிகள் போதாது. இத்தடத்தில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடுவதால், நேரம் பார்க்காமல் கிளம்புபவர் நடைமேடையிலேயே அரைநாளைத் தொலைக்க நேரிடும். அத்திப்பட்டுக்கு வடக்கே எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில்களும் இதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு வழிவிட்டு நிற்பதும் வாடிக்கை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடிய பயணத்துக்குக் கழிப்பறை இல்லாத பெட்டிகளை ஓட்டுவது. கடற்கரை–தாம்பரம் வண்டியில் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே முதியவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அழைத்துச் செல்லத் தயக்கமாக இருக்கிறது.

பயணமோ அலுப்பதில்லை. எண்ணூரைக் கடந்ததும் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அறையும். கும்மிடிப்பூண்டியில் கூட்டம் இறங்கிவிட, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் பெயர்ப்பலகை தெலுங்குக்கு மாறும்போது சன்னலோரம் தாராளமாகக் கிடைக்கும்.

நிலையம் பெரியதன்று, இறங்குபவர்கள் ஊருக்காகவே வருகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு இதுவே வாசல். அங்கே போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்வதால், குளிர்காலத்தில் இருபுறமும் பூநாரைகளைக் காணலாம். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டுச் சரணாலயமும் அருகில்தான். இஸ்ரோ தலைவர்கள் ராக்கெட் ஏவும் முன் வணங்கிச் செல்லும் செங்காளம்மன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை இருந்தும், ரயில் வரும் நேரத்தை ஒட்டி ஏரிப் பக்கம் ஒரு சிற்றுந்து விடலாம் என்று யாருக்கும் தோன்றாதது வியப்பு. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியே ஆகவேண்டும்.

ராக்கெட் பார்க்கப் போகிறவர்கள் பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, திரும்பும் மின்சார ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. அதைத் தவறவிட்டு எக்ஸ்பிரஸில் ஏறுவதானால் புறநகர் டிக்கெட் செல்லாது. தனியாக எடுக்க வேண்டும்.