ஸ்டார்ட்டா, பிகினா?

இரண்டுக்கும் அகராதியில் ‘தொடங்கு’ என்றுதான் இருக்கும். கூட்டம், மழை, பள்ளிக்கூடம் என்றால் எதைப் போட்டாலும் சரி. சிக்கல் வண்டியில் வருகிறது. ‘பைக்கை ஸ்டார்ட் பண்ணு’ என்று நாமே தமிழில் சொல்கிறோம். ‘பிகின் பண்ணு’ என்று யாரும் சொன்னதில்லை. என் மாணவி ஒருத்தி ‘பிகின் தி மோட்டார்’ என்று எழுதிவந்தாள். ஏன் தப்பு என்று கேட்டாள், நியாயமான கேள்வி.

ஸ்டார்ட் பழைய ஆங்கிலத்தில் துள்ளுவதைக் குறித்த சொல். திடுக்கிட வைப்பதைச் சொல்லும் ‘ஸ்டார்ட்டில்’ அதன் உறவுதான். அந்த உதறல் இன்றும் போகவில்லை: இன்ஜின் உறுமும், ஓட்டக்காரர் பாய்வார், காலை 5 மணிக்கு ஊருக்குக் கிளம்புவோம். எல்லாமே ஸ்டார்ட்.

பிகினில் அந்த உதறல் இல்லை, நிதானமாக விரியும். 1611இல் வந்த ஆங்கில பைபிளின் முதல் வரியே ‘இன் தி பிகினிங்’. அங்கே ‘ஸ்டார்ட்’ போட்டுப் பாருங்கள், காது ஒப்பாது. தமிழில் அது ‘ஆதியிலே’. ‘கிளம்பும்போது’ என்று யார் எழுதுவார்கள்?

இதே பொருளில் ‘கமென்ஸ்’ என்று மூன்றாவது சொல்லும் உண்டு, பிரெஞ்சு வழி வந்தது. அழைப்பிதழுக்கும் ஒப்பந்தத்துக்கும் போதும், பேச்சில் வேண்டாம்.

அந்த மாணவியிடம் சொன்னேன்: சாவி திருகும் இடமென்றால் ஸ்டார்ட், கதை விரியும் இடமென்றால் பிகின்.