இரவு ஒன்பது மணிக்கு மட்டும் படுத்துவிடும் இணைப்பு: மூன்று வருட அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "நீ வச்சிருக்கிற அதே ஃபைபர் கனெக்‌ஷன் எங்க தெருவுக்கும் வந்திருக்கு. எடுக்கலாமாடா?" எடு, எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். மூன்று வருடமாக இதோடு மல்லுக்கட்டியவனால் அது முடியவில்லை. அவனுக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20. பகலில் ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 97, 98 வரும். முழுசாக நின்றுபோன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வகையில் எனக்குப் புகாரே கிடையாது.

என் புகாரெல்லாம் இரவு ஒன்பது மணியைப் பற்றித்தான். வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவரின் வாய் அசையும், குரல் அப்புறமாக வரும். நான் "சொல்லுங்க" என்பேன், அதே நொடியில் அவரும் "சொல்லுங்க" என்பார். இருவரும் நிறுத்துவோம். மறுபடி இருவரும் ஒன்றாக ஆரம்பிப்போம். பத்தரை மணிக்கு எதுவுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும்.

வாடிக்கையாளர் சேவைக்கு இரவில் போன் செய்தால் புகார் எண் தருவார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குத் திருப்பி அழைத்து, "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க சார்" என்பார்கள். போட்டால் 97. "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?" புகார் மூடப்படும். காலையில் காய்ச்சல் இல்லை என்பதற்காக ராத்திரி காய்ச்சலே வரவில்லை என்று சொல்கிற வைத்தியம்! ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வது அடுத்த மருந்து. கொடுமை என்னவென்றால் அது வேலை செய்யும். பத்து நிமிடத்துக்கு.

நான் செய்த அசட்டுத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ் மாற்றினேன். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு தாமதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று ஒவ்வொரு சேனலாக மாற்றிவிட்டு, கடைசியில் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனேன். படுக்கையறையில் நிலைமை நன்றாகவே தேறியது. ஒன்பது மணி தேறவில்லை. தரவு போகும் வழியிலுள்ள ஒவ்வொரு முனையின் தாமதத்தையும் காட்டும் ட்ரேஸ்ரூட்டை ஓட்டி, நடுவில் ஒரு முனை மட்டும் 200 மில்லிசெகண்டு காட்டியதைப் படம் பிடித்து அனுப்பிக் கடுமையாகச் சண்டையும் போட்டேன். அது என் தவறு. நடுவழி ரூட்டர்களுக்குப் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, கடத்துவதுதான் முதல் வேலை, பிங் மாதிரி 'இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனைகளுக்குப் பதில் சொல்வது ஒழிந்த நேரத்தில்தான். அதற்கு அடுத்த முனைகளிலும் தாமதம் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் படத்தில் கடைசி முனை 14 என்றுதான் காட்டியது. அன்று என்னிடம் திட்டு வாங்கிய ஊழியருக்கு இப்போதாவது ஒரு மன்னிப்பு.

இதற்கு நடுவே ஒரு நிஜமான பழுதும் இருந்தது, அதுதான் என்னை வெகுநாள் ஏமாற்றியது. சில நாட்களில் பாக்கெட்டுகள் பாதி வழியில் காணாமலே போகும். பார்க்க வந்த டெக்னீஷியன் தம்பி அதிகம் பேசவில்லை. பச்சைத் தலை கனெக்டரைக் கழற்றி மீட்டரில் செருகினார். வந்துசேரும் ஒளியின் வலுவை மைனஸ் 26 டிபிஎம் என்று காட்டியது, மைனஸ் எண் பெரிதாக ஆக வலு குறைவு. "பவர் ரொம்ப லோ சார்" என்றார். வீட்டில் ஒளியை வாங்கிக்கொள்ளும் இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 27 வரைதான் தாங்கும் என்பதால் விளிம்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறோம். மஞ்சள் வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனவர் அலமாரிக்குப் பின்னால் நின்றார். நான்தான் அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தேன். வயர் கூர்மையாக மடங்கிக் கிடந்தது. நகர்த்தி, வயரை அகலமான வளையமாகச் சுற்றி வைத்து, கனெக்டரைத் துடைத்துப் போட்டார். மைனஸ் 20. பதினைந்து நிமிட வேலை. நிறுவனத்தின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

பாக்கெட் இழப்பு நின்றது. சரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன். அன்றிரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் "சொல்லுங்க", "சொல்லுங்க".

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தேன். மடிக்கணினியை வயர் போட்டு ரூட்டரில் இணைத்தேன். ஒரு ஜன்னலில் ரூட்டருக்கே பிங், பக்கத்தில் இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு பிங். ரூட்டருக்கு 1 மில்லிசெகண்டுக்கும் கீழே, வெளியே 9, 11, 10, 9. இரண்டு ஜன்னலிலும் புதுப் புது வரிகளாக வந்துகொண்டே இருந்தன. ஒன்பதைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் வெளிப்பக்கம் 48 ஆனது. 190. 460. 790. 812. ரூட்டர் பக்கம் அப்போதும் 1-ஐத் தாண்டவில்லை. வைஃபை குற்றவாளி இல்லை, கணினியும் இல்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா அப்போதுதான் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நகர்கிறார்.

போய்ச் சார்ஜரைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் 10. மறுபடி செருகினேன், 700-ஐத் தாண்டியது. மூன்று முறை செய்து பார்த்தேன். "போனை ஏன்டா படுத்துற?" என்றார் அம்மா.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் படங்களையும் வீடியோக்களையும் பேக்கப் எடு என்று அந்தப் போனில் அமைத்துக் கொடுத்த மகாராசன் நான்தான். அக்கா குழந்தையின் வீடியோக்கள் அத்தனையும் தினமும் ஒன்பது மணிக்கு அந்த 20 எம்பிபிஎஸ் வழியாக ஏறிக்கொண்டிருந்தன. ரூட்டரை ஆஃப் செய்தால் ஏன் பத்து நிமிடம் சரியாகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பேக்கப் அறுந்துபோகும், போன் ஓய்ந்து மறுபடி தொடங்கும்வரை நமக்கு நிம்மதி.

பேக்கப்பை நிறுத்தினால் கதை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அலுவலகக் கோப்பு ஒன்றை ஏற்றினாலும் இதே கூத்துதான். ஒரு பொருளை அனுப்பினால் இன்னொன்று ஏன் அரை நொடிக்கு மேல் நிற்க வேண்டும்? விடை ரூட்டருக்குள் இருந்தது. வெளியே போகும் பாதை குறுகல் என்பதால் பாக்கெட்டுகளை அது வரிசையில் நிறுத்திவைக்கிறது. என் பெட்டியில் 2 மெகாபைட், அதாவது 16 மெகாபிட் அளவுக்கு வரிசை நிற்க இடம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 20 எம்பிபிஎஸ்ஸில் காலி செய்ய 0.8 நொடி ஆகும். எனக்கு வந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். அனுப்பும் வேகத்தை முடிவு செய்கிற டிசிபி என்ற நெறிமுறை, பொதுவாகப் பாக்கெட் தொலைந்தால்தான் தன் வேகத்தைக் குறைக்கும். இவ்வளவு பெரிய வரிசையில் எதுவும் சீக்கிரம் தொலையாது, அதனால் போன் மேலும் மேலும் கொட்டும். நான் பேசிய "சொல்லுங்க" அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. என் ஒரு வார்த்தை வீட்டு ரூட்டரிலேயே காத்துக்கிடந்த நேரத்தில் அந்த ஒளி பூமியை நாலு சுற்று சுற்றியிருக்கும். பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. அதில் ஐந்து மடங்கை நான் வாசலைத் தாண்டுவதற்கே செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதில் மாட்டிக்கொண்டு துருவ ஆரம்பித்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்றுதான் பார்க்கும். 5 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பு விடாமல் நீடித்தால் ஒன்றைக் கீழே போட்டுவிடும், அனுப்புகிறவன் அடங்குவான். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை தரும் எஃப்க்யூ கோடெல் 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவே வந்துவிட்டது. அதற்கெல்லாம் பிறகு என் வீட்டுக்கு வந்த நிறுவனப் பெட்டியில் அதன் வாசனைகூட இல்லை. என் கோபம் இதில்தான்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட என் பழைய ரூட்டரில் இந்த வசதி இருக்கிறது. அதற்கு நிறுவனப் பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்ற வேண்டும். "அப்படி ஒரு வசதியே இல்லை சார்" என்றார்கள், பிறகு "பாதுகாப்பு காரணம்" என்றார்கள், ஆறு வாரம் கழித்து ஒருவர் இரண்டே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்.

வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற அமைப்புப் பக்கத்தில் அப்லோடை 18, டவுன்லோடை 90 என்று நானே குறைத்து எழுதினேன். அப்போதுதான் வரிசை என் ரூட்டரில் நிற்கும், அதற்கு வரிசையை நடத்தத் தெரியும். ஒன்பது மணிக்கு அம்மா போனைச் செருகினார். பிங் 9, 12, 15, 13. வீடியோக்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வேகத்தைக் குறைத்து வேகமாக்கிய அந்த ராத்திரி எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். யாரையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும் போல இருந்தது, அக்காவைக் கூப்பிட்டேன். பேச விஷயம் எதுவும் இல்லை.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு நாளும் தாமதம் 30-ஐத் தாண்டி நான் பார்க்கவில்லை. இந்த நிலையில் போன மாதம் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, "உங்க பழைய புகாரைப் பார்த்தோம் சார், 300 பிளானுக்கு மாறிட்டா ஸ்லோ பிரச்சினையே வராது" என்றார். எனக்கு வந்த பழைய கோபம் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே நண்பா, இழை நன்றாக இருக்கிறது, டெக்னீஷியன் நன்றாக இருக்கிறார், நிற்பதே இல்லை. எடுக்காதே. நான் நேற்றுதான் இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், அதை வைத்து என்னோடு வாதாட வராதே.