தி சாங் ஆஃப் லஞ்ச்: சாப்பாட்டு மேசையில் ஒரு நெடுங்கவிதை

கிறிஸ்டோபர் ரீட் 2009இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் வரிகளையே வசனமாகவும் பின்னணிக் குரலாகவும் வைத்து, நியால் மெக்கார்மிக் 2010இல் பிபிசி தொலைக்காட்சிக்காக இயக்கிய படம் இது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் இதில் கதை என்று சொல்ல அதிகம் இல்லை. லண்டன் பதிப்பகம் ஒன்றில் பிறர் எழுத்தைச் செப்பனிட்டுச் சலித்துப்போன நடுவயதுக்காரன் ஒருவன், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்த காதலியை, சோஹோவில் அக்காலத்தில் இருவரும் சென்றுவந்த இத்தாலிய உணவகத்தில் சந்திக்கிறான். அவளோ புகழ்பெற்ற நாவலாசிரியரை மணந்து பாரிஸில் வாழ்கிறாள். இருவருக்கும் பெயர் இல்லை. அகத்திணைப் பாடல்களில் பழகிய நமக்கு அது குறையாகத் தோன்றாது.

ரீட் தாமே ஃபேபர் பதிப்பகத்தில் கவிதைப் பிரிவின் ஆசிரியராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, அலுவலகச் சலிப்பின் மீதான கேலி கூர்மையாக விழுகிறது. ஆனால் படத்தின் உயிர் மேசையில்தான் இருக்கிறது. ஆலன் ரிக்மனின் குரலில் அவனுடைய மனம் உவமைகளை அடுக்கிக்கொண்டே போக, எதிரே எம்மா தாம்சன் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் சென்ற கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியஸின் தொன்மத்தை வைத்து அவன் எழுதிய ஒரே கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது, அதில் தான் எப்படி உருமாற்றப்பட்டிருக்கிறாள் என்பதை அறிந்தவளாக அவள் சொல்லும் சில வார்த்தைகள், அவன் அதுவரை கட்டிய சொற்கோபுரத்தைச் சரித்துவிடுகின்றன. கோபத்தைவிட இரக்கம் மிகுந்த அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் அவன் மீண்டும் கோப்பையை நிரப்பிக்கொள்கிறான். இந்த வேடத்துக்காகத் தாம்சன் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது நியாயமே.

குறை ஒன்று உண்டு. மது ஊற்றப்படுவதைக் காமிரா காட்டிக்கொண்டிருக்கும்போதே குரலும் அதையே வர்ணிக்கிறது. நன்னூலார் கண்டிருந்தால் ‘கூறியது கூறல்’ என்று குறித்திருப்பார். ஏட்டில் அழகாக நிற்கும் வரி திரையில் சில இடங்களில் உபரியாகிவிடுகிறது. எனினும் போதையேறிய அவன் மொட்டை மாடிக்குச் சென்று உறங்கிப்போவதும், இறங்கி வரும்போது அவள் அங்கு இல்லாததும் மிகையின்றிச் சொல்லப்பட்டிருக்கின்றன.

படத்தைப் பார்த்த பிறகே நான் நூலைப் படித்தேன். இப்போது எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் ரிக்மனின் அந்த இழுவைக் குரலே கேட்கிறது. கவிதையைத் தம் சொந்தக் குரலில் படிக்க விரும்புபவர்கள் நூலை முதலில் வாசித்துவிடுவது நல்லது.